வடசேரி ஜெர்மன் வகுப்பு: கட்டிய காசுக்கு என்ன கிடைத்தது?

எங்கள் ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறும் நேரத்தில் நர்ஸுகள் பேசிக்கொள்வதில் பாதி ஜெர்மன் வகுப்பைப் பற்றித்தான். எங்கே சேர்ந்தாய், ஃபீஸ் எவ்வளவு, பி1 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிப்போகும் மொழித் தேர்ச்சி நிலைகளில் மூன்றாவது) கிடைத்ததா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் படிப்பது நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் நடக்கும் வகுப்பு. குறைகளும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். ஏ1 தொடங்கி பி1 வரை அங்கேதான் படித்தேன். திருவனந்தபுரத்தில் ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே மையத்தில் தேர்வு எழுதி, வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தேறினேன். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 எடுக்க வேண்டும். ஒன்றில் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். ஜெர்மனியில் செவிலியராக முழு அங்கீகாரம் பெற பொதுவாக பி2 கேட்கிறார்கள் என்பதால் இப்போது அதற்கும் இங்கேயே போகிறேன். திருப்தி இல்லாமல் தொடர மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிலைக்கு 15,000 ரூபாய், புத்தகம் தனி. அந்தப் பணத்தில் பெரும்பகுதி டிக்டேஷனுக்கே தகும் என்பேன். வகுப்பு தொடங்கியதும் மிஸ் ஆறு வாக்கியம் வாசிப்பார். ஒவ்வொன்றும் இரண்டு தரம், சாதாரண வேகத்தில். எழுதி முடித்ததும் சரியான வாக்கியங்களைப் போர்டில் எழுதிப்போடுவார், நாமே திருத்திக்கொள்ள வேண்டும். தவறான சொல்லைப் பத்துத் தடவை எழுது என்று சொல்லவே மாட்டார். அந்தச் சொல்லைச் சரியாக வைத்து, நம் வார்டில் நடக்கிற ஏதாவது ஒன்றைப் பற்றிப் புது வாக்கியம் எழுதி மறுநாள் காட்ட வேண்டும். அதற்கென்றே தனி நோட்டு. தேர்வுக்கு முந்தின வாரம் நான் புத்தகத்தைத் தொடவில்லை, அந்த நோட்டை மட்டும்தான் புரட்டினேன். எழுத்துப் பகுதியில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் அதனால் வந்தது.

எழுத்துப் பிழைக்கு மிஸ் தரும் வழிகள் சின்னச் சின்னவை, ஆனால் மறக்காது. ஆங்கில எழுத்து ஐ-யும் ஈ-யும் சேர்ந்து வந்தால் எதை முதலில் போடுவது என்று எல்லோரும் தடுமாறுவார்கள். இரண்டாவதாக நிற்கும் எழுத்தின் ஆங்கிலப் பெயர்தான் உச்சரிப்பு, அவ்வளவுதான். காய்ச்சலுக்கு 'ஃபீபர்', ஈ என்று கேட்கிறது, அப்படியானால் ஐ முன்னே, ஈ பின்னே. சீழுக்கு 'ஐட்டர்', ஐ என்று கேட்கிறது, வரிசையைத் திருப்பிப் போடு. அன்றிலிருந்து எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

அதைவிடப் பெரிய உதவி குறில், நெடில். 'ஓஃபன்' என்றால் அடுப்பு, 'ஒஃபன்' என்றால் திறந்திருப்பது. குறில் ஒலித்தால் பின்னால் மெய்யெழுத்தை இரட்டிக்க வேண்டும், நெடிலுக்கு ஒன்று போதும். பாதத்துக்கு 'ஃபூஸ்' நெடில், ஆகவே எஸ்ட்செட் என்ற அந்தத் தனி எழுத்து வரும். ஆற்றுக்கு 'ஃப்ளுஸ்' குறில், ஆகவே இரண்டு எஸ். இது 1996 எழுத்துச் சீர்திருத்தத்தில் வந்த ஒழுங்கு. பழைய புத்தகத்தில் 'ஃப்ளுஸ்' கூட எஸ்ட்செட் போட்டுத்தான் இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம். குறில் நெடில் பிரித்துக் கேட்கிற காது நமக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தச் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது. மிஸ் போர்டில் தமிழிலேயே கு, நெ என்று எழுதி வட்டம் போடுவார்.

இலக்கணம் எடுக்கும் சாரும் அதே வழிதான். "ஆங்கிலம் வழியா சுத்திப் போகாதீங்க, தமிழ்ல யோசிங்க" என்பார். 'இன்று எனக்கு இரவு டியூட்டி இருப்பதால்' என்று நாம் சொல்லும்போது 'இருப்பது' கடைசியில் வருகிறது. ஜெர்மனில் 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினாலும் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கில வரிசையில் யோசிப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண், பெண், பொதுப்பால் என்று காட்டப் போடும் டேர், டீ, டாஸ் விஷயத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லுக்கு டாஸ் போட வேண்டும் என்றால் நமக்கு எப்படி மனசு ஒப்பும்? 'ஷென்' என்று முடியும் சிறுமைச் சொற்கள் எல்லாம் டாஸ், அதுதான் விதி. 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் டீ. 'உங்' விகுதியில் முடிந்தாலும் டீ. மற்றதை நிறத்தோடு படிக்க வைக்கிறார்கள்: டேர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை. கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும். ரத்தம் டாஸ், அழுத்தம் டேர், ஆகவே ரத்த அழுத்தம் 'டேர் ப்ளூட்ட்ருக்'. ஆஸ்பத்திரி 'ஹவுஸ்' என்று முடிவதால் டாஸ், ஆம்புலன்ஸ் 'வாகன்' என்று முடிவதால் டேர். நம் தொழிலில் வரும் நீளநீளமான சொற்கள் எல்லாம் இப்படிக் கடைசியிலிருந்து பிரித்தால் பயம் விட்டுவிடும்.

எண்களுக்கு மிஸ் தனியாக ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனில் 85-ஐ 'ஐந்தும் எண்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். அரைகுறையாகக் கேட்டு 58 என்று சார்ட்டில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நர்ஸுக்கு விளக்க வேண்டியதில்லை. எண் முழுவதும் காதில் விழும்வரை பேனாவைப் பேப்பரில் வைக்கக் கூடாது, எழுதியதும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பழக்குகிறார். பி.பி., நாடித்துடிப்பு, மருந்து அளவு என்று அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதுவோம்.

வாசிப்புக்கு பி1-இல் 65 நிமிடம், ஐந்து பகுதி. கேள்வியை முதலில் படி, அப்புறம் பத்தியைப் படி, தெரியாத சொல்லில் நிற்காதே என்பது எல்லா வகுப்பிலும் சொல்வதுதான். இங்கே கூடுதலாக ஒன்று: முற்றுப்புள்ளி வரும்வரை அர்த்தம் முடிவு செய்யக் கூடாது. 'இஷ் ரூஃபெ டென் ஆர்ட்ஸ்ட் ஆன்' என்ற வாக்கியத்தில் கடைசியில் நிற்கும் அந்த 'ஆன்' சேர்ந்தால்தான் டாக்டருக்குப் போன் செய்கிறேன் என்று பொருள். ஆகவே வரிக்கடைசியில் இருக்கும் குட்டிச்சொல்லை முதலில் பென்சிலால் வட்டமிடப் பழக்குகிறார்கள். என் வாசிப்பு வேகம் அதற்குப் பிறகுதான் கூடியது.

சொற்களை நினைவில் வைக்க ஐந்து அறை கொண்ட அட்டைப்பெட்டி ஒன்று தருவார்கள். செபாஸ்டியான் லைட்னர் 1972-இல் விளக்கிய முறை இது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னால் இருக்கும் அறைகளை அடிக்கடி பார்க்க வேண்டாம். போனில் அன்கி செயலியும் இதே வேலையைச் செய்யும். இரவு டியூட்டியில் போன் எடுக்க முடியாதவர்களுக்குப் பெட்டிதான் வசதி, ஒரு கட்டு அட்டையை யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இனி குறைகள். மாலை வகுப்பில் ஆட்களை அதிகமாகச் சேர்க்கிறார்கள். பேசிப் பழக ஒருவருக்கு ஒரு வகுப்பில் இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். தேர்வில் இன்னொருவரோடு சேர்ந்து பேச வேண்டியிருக்கும்போது இது போதவே போதாது. நானும் என் தோழியும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து தனியாகப் பழகினோம். கேட்டல் பயிற்சிக்கு இருப்பது ஒரே ஒரு பழைய ஸ்பீக்கர், கீழே பஸ் ஹாரன், மேலே ஃபேன் சத்தம். வீட்டில் டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் தரும் மெதுவான வேகச் செய்தியை ஹெட்போனில் கேட்டேன். காசு கிடையாது, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். ஒரு வரி கேட்டு நிறுத்தி, அதே ராகத்தில் திருப்பிச் சொல்லி, பிறகு எழுத்தைப் பார்த்துச் சரிபார்த்தால் உச்சரிப்பும் திருந்தும். இதையே வகுப்பில் செய்ய வைத்திருக்கலாம்.

இன்னொரு வருத்தம், வாசலில் தொங்கும் பேனர். நான்கு மாதத்தில் பி1 உறுதி என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே பாடம் எடுக்கும் மிஸ் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கு அது நடக்காது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டும் பிள்ளைகள் அந்த பேனரை நம்பித்தான் மாடி ஏறுகிறார்கள். அதை எடுக்கச் சொல்லி ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. டியூட்டியால் தவறிப்போன பாடத்தைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடும் கிடையாது. அன்றைய டிக்டேஷனை மிஸ் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார், அது அவருடைய நல்ல மனசு.

எழுத்தும் வாசிப்பும் பலமாக வேண்டும் என்பவர்கள் தயங்காமல் சேரலாம். பேச்சுதான் முக்கியம் என்றால் காலை வகுப்பில் இடம் கேளுங்கள், அதில் ஆட்கள் குறைவு. சேர்வதற்கு முன் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பார்கள். மாலை வகுப்பு என்றால் ஐந்தே முக்காலுக்கே போய்விடுங்கள், ஆறு மணிக்கு டிக்டேஷன் தொடங்கிவிடும், பிந்தி வருபவர்களுக்காக மிஸ் திரும்ப வாசிப்பதில்லை.