இரண்டு பையன்கள் உள்ள வீட்டில் எது தாங்கியது, எது தாங்கவில்லை: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

பெரியவனுக்கு 12 வயது, சின்னவனுக்கு 8. இவர்கள் இருவருக்காகவும் வாங்கிய சாமான்களையும், வீட்டில் பழக்கிக்கொண்ட சில முறைகளையும் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் எனக்கு உதவியதே இல்லை. ஒரு பொருளின் மேல் இரண்டு பேர் ஏறி நின்று, குதித்து, திருகைக் கழற்றிப் பார்த்து, தண்ணீரில் ஒருமுறை போட்டு எடுத்த பிறகுதான் அதன் உண்மையான தரம் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன்களை ஓர் இடத்தில் உட்கார வைப்பதற்கென்று வந்த பொருள் எதுவும் எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை. அவர்கள் வேகத்துக்கு ஓர் இடமும் கைக்கு ஒரு வேலையும் கொடுத்தவை எல்லாம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன.

அதில் முதலிடம் கூடத்தில் தரையில் கிடக்கும் ஒரு பழைய மெத்தைக்கு. ஜிப் வைத்த, கழற்றித் துவைக்கக்கூடிய உறை போட்டிருக்கிறோம், சுவரிலிருந்தும் மேசை முனையிலிருந்தும் தள்ளிப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதில் உருளுவார்கள், தலைகீழாக நிற்பார்கள், முக்கியமாக மல்லுக்கட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது. 3, 4 வயதில் நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடம், அதில் 60 நிமிடம் நன்றாக ஓடியாடி. வெளியே போக முடியாத மழை நாளில் அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுப்பது இந்த மெத்தைதான்.

மல்லுக்கட்டுவதற்கு இரண்டே விதிகள். கழுத்தில் கை வைக்கக் கூடாது. ஒருவன் "நிறுத்து" என்று சொன்னால் அடுத்த நொடி கை விட்டுவிட வேண்டும், விளையாட்டுக்குச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா என்று யோசிக்கக்கூட நேரம் எடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதிரில் இருப்பவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான் என்பதை ஒரு பையன் உடம்பால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம், விளையாட்டுச் சண்டையையும் நிஜச் சண்டையையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: முகத்தைப் பாருங்கள். விளையாட்டில் சிரிப்பு இருக்கும், பலசாலி வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பான், கீழே இருப்பவனும் மேலே இருப்பவனும் மாறிக்கொண்டே இருப்பார்கள், முடிந்த பிறகும் சேர்ந்தே இருப்பார்கள். நிஜச் சண்டையில் முகம் இறுகியிருக்கும், முடிந்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். இது பிடிபட்ட பிறகு, சத்தம் கேட்டதும் நான் பாய்ந்து ஓடுவதில்லை. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான்கு வயதில் பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் எகிறுகிறது, அதனால்தான் இந்த ஆட்டம் என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. பிறந்த சில மாதங்கள் அந்த ஹார்மோன் கொஞ்சம் உயர்ந்து இறங்கும், அதற்குப் பிறகு பருவ வயது வரை மிகக் குறைவாகத்தான் இருக்கும். நான்கு வயதுக்காரன் சோபா மேல் ஏறிக் குதிப்பதற்கு அது காரணமில்லை. அதில் மிரள ஒன்றுமில்லை, ரசிக்க நிறைய இருக்கிறது.

அடுத்தது கட்டைகள். எங்களிடம் இருப்பது லெகோ. பெரியவனுக்கு ஒன்றரை வயதில் வந்த பெரிய டூப்ளோ கட்டைகள் இன்றும் பெட்டியில் இருக்கின்றன, சின்னக் கட்டைகள் அவற்றின் மேலேயே பொருந்துவதால் இப்போது அவை கோட்டைகளுக்கு அடித்தளம். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே வடிவம். அந்தக் காலத்துக் கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் பழையது, யாரோ கொடுத்தது, நிறம் மங்கியது எதுவும் வீணாகாது. மேலே எட்டுக் குமிழ் உள்ள கட்டைகள் ஒரே நிறத்தில் ஆறே ஆறு இருந்தால் போதும், அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்னவன் இந்த எண்ணைக் கேட்டதும் "அப்படின்னா நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா" என்றான்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து: படத்தைப் பார்த்து ஒரே ஒரு விமானம் மட்டும் செய்யும் பெட்டியைவிட, எந்தப் பெயரும் இல்லாத கலவைக் கட்டைகள் அதிக நாள் ஓடும். விமானத்தைச் செய்து முடித்தால் அலமாரியில் ஏறிவிடும், பிறகு யாரும் தொடக்கூடாது, தொட்டால் அழுகை. கலவைக் கட்டைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கீழே ஒரு பெரிய பருத்தி விரிப்பைப் போட்டு அதன் மேல் விளையாடச் சொல்லுங்கள், முடிந்ததும் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கிப் பெட்டியில் கொட்டிவிடலாம். மூன்று வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் சின்னக் கட்டைகள் உயரத்தில் இருக்க வேண்டும், வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவு அது.

சரி, கழிவறைக்கு வருவோம். பையன்கள் உள்ள வீட்டில் யாரும் வெளிப்படையாக எழுதாத, ஆனால் எல்லோருக்கும் உள்ள தலைவலி அந்த வாடை. எவ்வளவு கழுவினாலும் இரண்டு நாளில் திரும்பி வரும். சிறுநீர் காய்ந்தால் அதிலுள்ள யூரிக் அமில உப்புகள் படிகமாக ஒட்டிக்கொள்கின்றன, அவை வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஈரம் பட்டதும் மறுபடி வாடை கிளம்பும். என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் அதை உடைத்துவிடும். ஊற்றிவிட்டு உடனே துடைக்காமல் சிறிது நேரம் ஊற விட வேண்டும், அதுதான் அதன் வேலை. அடிக்கடி தவறவிடும் இடங்கள் இரண்டு: இருக்கை மூடியின் கீல், பீடம் தரையைத் தொடும் விளிம்பு. கோபத்தில் ப்ளீச்சை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். சிறுநீரில் உருவாகும் அமோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் நுரையீரலை எரிக்கும் வாயு வரும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவறைப் பழக்கத்தை உட்கார்ந்து ஆரம்பித்து, நிற்பதைப் பிறகு சொல்லிக் கொடுத்தோம்; இரண்டு பேருக்குமே அந்த வரிசை சரிப்பட்டது. இப்போது கழுவுவது அவர்கள் முறை, வாரம் மாற்றி வாரம். பெரியவன் கீலைக் கழற்றிக் கழுவி மாட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஆகிவிட்டான், அதில் எனக்கு அளவில்லாத பெருமை.

இதோடு தொடர்புள்ள இன்னொரு பொருள், தண்ணீர் இறங்காத மெத்தை உறை. இரவில் படுக்கை நனைவது பெண் பிள்ளைகளைவிடப் பையன்களிடம் அதிகம், பெற்றோரில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். ஐந்து வயது வரை அதை ஒரு நோயாகவே பார்ப்பதில்லை. பிள்ளை தூக்கத்தில் செய்வதற்குத் திட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. இரண்டு உறை, இரண்டு விரிப்பு, மாற்றி மாற்றி. நனைந்த அடுக்கை உருவினால் கீழே காய்ந்த அடுக்கு தயாராக இருக்கும்படி விரித்துவிட்டால் நடுராத்திரியில் யாருக்கும் முகம் வாடாது. வறண்டு பழகிய பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள் வராதவற்றையும் சொல்ல வேண்டும், இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன். பட்டன் பேட்டரி மூடியில் திருகு இல்லாத எந்தப் பொம்மையும் உள்ளே வராது. சிஆர்2032 என்று அச்சிட்ட அந்த வட்ட பேட்டரி 20 மில்லிமீட்டர் விட்டம், சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்ளும் அளவு. மாட்டினால் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையைக் கடுமையாக எரித்துவிடும். விழுங்கினான் என்று சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, தேனும் கையில் இருக்கிறது என்றால் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேனைத் தேடிக்கொண்டு நேரத்தை விடக் கூடாது. இன்னொன்று, மேசையில் வைத்து உருட்டி விளையாடும் குட்டி நியோடிமியம் காந்த உருண்டைகள். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பெரியவனுக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன், அவனே தன் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான்.

முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நிலைப்பல் பிடுங்கிக்கொண்டு விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்காக இருந்தால் பாலில் ஒருமுறை அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து, முடியாவிட்டால் பாலில் போட்டு, உடனே பல் மருத்துவரிடம். பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. தலையில் அடிபட்டு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு எது வந்தாலும் உடனே மருத்துவமனை. பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது, அதனால் எழுதி ஒட்டுவது நல்லது.

சுவருக்குக் கழுவக்கூடிய பெயின்ட் அடியுங்கள், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடைகளில் முழங்கால் துணி இரட்டையாகத் தைத்தது மட்டும்தான் தம்பி வரை வந்து சேர்ந்தது. கால்சட்டைப் பைகளைப் பார்க்காமல் துணியைத் துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள்; எங்களுக்கு உள்ளே கிடைத்தவை கல், திருகு, இறகு, ஒருமுறை உயிருள்ள நத்தை.

எதிர்பார்க்காமல் ரொம்ப நன்றாக உழைத்தது ஒரு கருவிப் பெட்டி. பொம்மைக் கருவி கிடையாது, நிஜமான சின்னத் திருப்புளி, இடுக்கி, அளவு நாடா. கெட்டுப்போன கடிகாரம், ஓடாத மின்விசிறி மோட்டார், பேட்டரியை எடுத்துவிட்ட ரிமோட் எல்லாம் அவர்கள் கைக்குத்தான் போகும். சுவரில் செருகும் எதையும் வயரை வெட்டாமல் கொடுக்க மாட்டோம். தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு பக்கம் போகவே கூடாது, உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். மற்றபடி, பிரிக்கலாம். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காத இருவரும் ஒரு மோட்டாரின் செம்புக் கம்பியைச் சுற்றிப் பிரிக்க மணிக்கணக்கில் உட்காருவார்கள்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இந்தப் பெட்டியோடுதான் வந்தது. எதிரில் உட்கார வைத்து "இன்னைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது" என்று கேட்டால் கிடைக்கும் பதில் "ஒண்ணுமில்ல". அதே பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு திருகைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் பேச்சு தானாக வருகிறது. ஒருவன் தன்னைக் குண்டன் என்று கூப்பிட்டதைப் பெரியவன் அப்படித்தான் சொன்னான், திருப்புளியைத் திருகிக்கொண்டே, இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டான். ஆம்பளைப் பையன் அழலாமா என்று யாரும் எங்கள் வீட்டில் சொல்வதில்லை, சொல்ல விடுவதும் இல்லை. நான் கையை நிறுத்தவில்லை, அவனும் நிறுத்தவில்லை, பேசி முடித்தான். துணி மடிக்கும்போதும், நடந்து போகும்போதும், வண்டியில் போகும்போதும் இது வேலை செய்கிறது.

"ரெண்டும் பையனா, பாவம்" என்று என்னிடம் சொல்கிறவர்கள் இதையெல்லாம் பார்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் சின்னவன் தன் பஞ்சுக் கரடியைக் கொண்டு வந்து என் கையிடுக்கில் செருகுவான். நான் பாவம் இல்லை, எனக்கு இந்தச் சத்தமும் இந்த வீடும் மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது சோதனையில் இருப்பது ஒரு சாதாரண அலாரம் கடிகாரம். பெரியவன் எழுந்திருக்கக் கைபேசி வேண்டும் என்று கேட்டான், படுக்கையறைக்குள் கைபேசி கிடையாது என்பதால் இதை வாங்கினோம். இதுவரை அவன் அதை இரண்டு முறை பிரித்து மாட்டிவிட்டான், மணி சரியாகத்தான் அடிக்கிறது, ஆனால் எழுந்திருப்பது தம்பிதான். இது எத்தனை நாள் தாங்குகிறது என்று ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்.