ஒன் ஷீட்டா, லாபி அட்டையா? சென்னையில் பழைய அறிவியல் புனைகதைப் பட விளம்பரங்களைச் சேர்ப்பவருக்கு ஓர் ஒப்பீடு

பழைய அமெரிக்க அறிவியல் புனைகதைப் படங்களின் விளம்பரக் கலையைச் சேர்க்க விரும்புபவர் முன்னே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரையரங்கு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய ஒன் ஷீட் என்னும் முழு அளவுப் போஸ்டர். மற்றொன்று, அரங்கின் முன்கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்ட லாபி அட்டை. இரண்டையும் வாங்கி, இரண்டையும் சென்னை வீட்டில் பல மழைக்காலங்கள் வைத்துப் பார்த்து, கடைசியில் அட்டையின் பக்கம் சாய்ந்தவன் நான். அந்தச் சாய்வை மறைக்காமலேயே எழுதுகிறேன்.

அளவையும் விலையையும் விரைவாகச் சொல்லிவிடலாம். ஒன் ஷீட் 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டது. லாபி அட்டை 11க்கு 14 அங்குலம். போஸ்டர்த் தாளைவிடத் தடித்த அட்டையில் அச்சிடப்பட்டது. ஒரு படத்துக்கு வழக்கமாக எட்டு அட்டைகள். முதலாவது, படத்தின் பெயரையும் ஓவியத்தையும் தாங்கிய டைட்டில் கார்டு. மற்றவை காட்சி அட்டைகள். ஒரே படத்தை எடுத்துக்கொண்டால், காட்சி அட்டை போஸ்டர் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்துவிடும், டைட்டில் கார்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அரக்கனோ பறக்கும் தட்டோ இல்லாமல் இருவர் நின்று பேசிக்கொண்டிருக்கும் அட்டையை யாரும் சீண்டுவதில்லை.

கலை என்று பார்த்தால் போஸ்டருக்கே வெற்றி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1950களின் போஸ்டர் ஓவியர்கள் படத்தில் இல்லாததையும் வரைந்தார்கள், அதுவே அந்தக் கலையின் உயிர். ரெனால்ட் பிரவுன் வரைந்த 1958ஆம் ஆண்டின் 'அட்டாக் ஆஃப் த 50 ஃபுட் உமன்' போஸ்டரில், நெடுஞ்சாலைப் பாலத்தின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் ராட்சதப் பெண் கையில் ஒரு காரைத் தூக்கிப் பிடித்திருப்பாள். படத்தில் அப்படியொரு காட்சியே கிடையாது. 1951இல் வந்த 'த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில்' போஸ்டரில் பூமி உருண்டையைப் பற்றும் பெரிய கையையும் படத்தில் தேடினால் கிடைக்காது. 1956இன் 'ஃபர்பிடன் பிளானட்' போஸ்டரில் ராபி என்னும் ரோபோ மயங்கிய பெண்ணை ஏந்தி அச்சுறுத்துவது போல நிற்கும். படத்தில் அந்த ரோபோ சொன்னதைக் கேட்கும் சாதுவான பணியாள். இந்தத் துணிச்சலான பொய்யை 27க்கு 41 அங்குலத்தில் கண்ணெதிரே விரித்துப் பார்க்கும்போது வரும் கிளர்ச்சியை எந்தக் காட்சி அட்டையும் தராது. ஹைன்ஸ் ஷுல்ஸ் நாய்டாம் வரைந்த 1927ஆம் ஆண்டின் 'மெட்ரோபோலிஸ்' போஸ்டர் 2005இல் 6,90,000 டாலருக்கு விலைபோனதும் போஸ்டர்தான், அட்டை இல்லை.

ஆனால் ஆராய்ச்சி என்று வரும்போது தராசு சற்று மறுபக்கம் சாய்கிறது. போஸ்டர் ஸ்டுடியோவின் ஆசையைக் காட்டுகிறது. காட்சி அட்டை படப்பிடிப்புத் தளத்தைக் காட்டுகிறது. புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டதால், அரங்க அமைப்பு, உடை, முகமூடியின் தையல், பின்னணித் திரை ஆகியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: கறுப்பு வெள்ளைப் படங்களின் அட்டைகளுக்கு அச்சகத்தில் கையால் தேர்ந்தெடுத்த வண்ணம் பூசினார்கள். அரக்கன் பச்சை நிறத்தில் இருக்கிறான் என்பதற்காகப் படப்பிடிப்பில் அணிந்த உடையும் பச்சை என்று முடிவு கட்டக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் இந்தத் தேர்வைத் தீர்மானிப்பது அழகோ விலையோ அல்ல, பராமரிப்புதான்.

காகிதத்துக்கு உகந்த ஈரப்பதம் சுமார் 30 முதல் 50 விழுக்காடு என்று ஆவணப் பாதுகாப்புத் துறையினர் சொல்வார்கள். 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பு தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்று 80ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும்; மற்ற மாதங்களிலும் கடல்காற்று உள்ளே வந்ததும் ஏறிவிடும். மரக்கூழில் செய்த, அமிலம் மிகுந்த பழைய தாளுக்கு இதைவிடக் கொடிய சூழல் வேண்டாம். இதன்மேல் இராமபாணப் பூச்சி வேறு. அதற்குப் பசையும் மாவுச்சத்தும் என்றால் கொள்ளைப் பிரியம்.

இந்தச் சூழலில் ஒன் ஷீட்டை வைத்திருப்பவருக்கு மூன்றே வழிகள். முதல் வழி, வந்த மடிப்போடேயே வைப்பது. 1980களுக்கு முன் ஒன் ஷீட்டுகள் அச்சகத்திலேயே மூன்று குறுக்கு மடிப்பும் ஒரு நெடுக்கு மடிப்புமாக மடிக்கப்பட்டு அரங்குகளுக்கு அனுப்பப்பட்டன. என்னிடம் உள்ள ஒரு போஸ்டரை விளக்குக்கு நேரே பிடித்தால், குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் அந்த மூன்று இடங்களிலும் பட்டாணி அளவில் ஒளி ஊடுருவும். யாரோ பழைய உரிமையாளர் பின்பக்கம் ஒட்டிய செல்லோ டேப், பசை ஊறி முன்பக்கம் தேன் நிறத்தில் பட்டையாகத் தெரிகிறது. ஒவ்வொரு முறை விரித்து மடிக்கும்போதும் இழைகள் இன்னும் கொஞ்சம் பிரிகின்றன. அதாவது பார்க்கப் பார்க்கத் தேய்கிற பொருள் அது.

இரண்டாம் வழி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது. சாமி படத்துக்குச் சட்டமிடும் கடைக்குக் கொண்டுபோனால், கண்ணாடியைத் தாளோடு அழுத்தி, பின்னால் ஹார்டுபோர்டு வைத்து, ஆணி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் மேல் குறையில்லை, முருகன் காலண்டருக்கு அது போதும். ஐப்பசியில் சுவர் ஈரம் வாங்கும்போது, ஹார்டுபோர்டில் இருந்து அமிலமும் ஈரமும் தாளுக்கு இறங்கும், மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சரியாகச் செய்ய வேண்டுமானால் அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், வெளிச்சுவர் அல்லாத உட்சுவர் என்று பட்டியல் நீளும். அத்தனையும் செய்த பிறகும் ஒரு சுவரில் மாட்டக்கூடியது இரண்டு போஸ்டர்தான்.

மூன்றாம் வழி, லினன் பேக்கிங். போஸ்டரைக் கழுவி, அமிலம் நீக்கி, மெல்லிய தாளையும் துணியையும் பின்னால் ஒட்டி மடிப்புகளைச் சமன்செய்யும் முறை இது. வெளிநாட்டில் இதைக் கௌரவமான சிகிச்சையாகவே கருதுகிறார்கள், விலையும் குறைவதில்லை. நான் என் போஸ்டர் எதற்கும் இதைச் செய்துகொண்டதில்லை. ஆகவே இதுபற்றி நான் சொல்வதைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். என் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள். ஒட்டப் பயன்படுவது கோதுமை மாவுப் பசை. அதை இராமபாணம் உலவும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மற்றொன்று, ஒட்டிவிட்டால் பின்பக்கம் மறைந்துவிடும். ஆராய்பவருக்குப் பின்பக்கமும் ஓர் ஆவணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

லாபி அட்டையோ மடிக்கப்படாமலேயே பிறந்தது. மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையில் இட்டு, பின்னால் அமிலமற்ற அட்டை வைத்தால் இருபுறமும் பார்க்கலாம், தொடாமலே எடுக்கலாம். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் சாதாரண பிவிசி கவர் கூடாது. அது காலப்போக்கில் எண்ணெய்ப் பிசுபிசுப்பை வெளியிட்டு மையைத் தூக்கிவிடும். ஐம்பது அட்டைகள் ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு காற்றுப் புகாத பெட்டியில் அடங்கிவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பையும், சிறிய ஈரமானி ஒன்றும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் எடுத்துச் சூடேற்றி மீண்டும் போட வேண்டியதுதான். போஸ்டர் வைத்திருப்பவர் ஓர் அறையின் காற்றையே ஆள வேண்டும். அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு பெட்டியின் காற்று போதும். போஸ்டருக்காக ஏசியை இரவும் பகலும் ஓட்ட முடியுமா என்பதை வீட்டில் மின்கட்டணம் கட்டுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டினாலும், புயல் அடித்து இரண்டு நாள் மின்சாரம் போனால் அறை ஈரத்துக்குத் திரும்பிவிடும். மூடிய பெட்டிக்கு அது தெரியவே தெரியாது.

பெட்டியில் அடுக்கும் நாளையும் கவனிக்க வேண்டும். கார்த்திகை மழையில் அட்டையை உள்ளே வைத்து மூடினால், ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். வைகாசியில் மேல்காற்று அனலாக வீசி, கடல்காற்று இன்னும் உள்ளே வராத பிற்பகலே அதற்கு ஏற்ற நேரம். ஆண்டில் சென்னைக் காற்று மிகவும் வறண்டிருப்பது அப்போதுதான். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி மைக்கும் நல்லதில்லை, மூக்குக்கும் நல்லதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வசதியைச் சொல்ல வேண்டியதில்லை: பெட்டியை ஒரே ஆள் தூக்கிப் பரணில் வைத்துவிடலாம்.

ஆவணத் தகவல் என்ற அளவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். 1940 முதல் அமெரிக்க ஸ்டுடியோக்கள் பலவற்றின் விளம்பரப் பொருள்களை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் விநியோகித்தது. அந்தப் பொருள்களின் கீழ் விளிம்பில் ஆண்டும் வரிசை எண்ணும் இருக்கும். 1977இன் 'ஸ்டார் வார்ஸ்' 77/21 என்ற எண்ணைத் தாங்கியது. எண்ணுக்கு முன்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது மறுவெளியீடு. விற்பவர் முதல் வெளியீடு என்று சொன்னாலும் இந்த எழுத்து உண்மையைச் சொல்லிவிடும். மடித்த போஸ்டர்களின் பின்பக்கம் படத்தின் பெயரையும் எண்ணையும் ரப்பர் முத்திரையாகக் குத்தியிருப்பதும் உண்டு. லினன் பேக்கிங்கில் மறைந்துபோவது இதுதான். அட்டையின் பின்பக்கத்தில் அரங்கு ஊழியர் பென்சிலால் எழுதிய தேதி, மூலைகளில் குண்டூசித் துளை, துளையைச் சுற்றித் துருவின் வளையம் ஆகியவை கிடைக்கும். அந்தத் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி; அது அரங்கில் உண்மையாகவே மாட்டப்பட்டதற்குச் சாட்சி.

தமிழ்நாட்டுக்காரர்கள் தேட வேண்டிய அட்டை ஒன்று இருக்கிறது. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'த ஜங்கிள்', தமிழில் 'காடு', யானைகளுக்கு ரோமம் போர்த்தி மாமதம் (மாமத்) என்னும் அழிந்துபோன யானை இனமாக நடக்கவிட்ட படம். அமெரிக்காவில் லிப்பர்ட் நிறுவனம் வெளியிட்டதால் அதன் விளம்பரங்களும் அமெரிக்க அளவுகளில் அச்சாயின. வேற்றுக் கிரகத்தார் வரும் 1963இன் 'கலை அரசி' போன்ற நம் படங்களுக்கு நிலைமை வேறு. இங்கே போஸ்டர் என்பது மைதா பசையோடு சுவரில் ஒட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவதற்கானது. ஆகவே அவற்றை ஆராய விரும்புபவர் போஸ்டரைத் தேடி அலைவதைவிட, பாட்டுப் புத்தகங்களிலும் நோட்டீசுகளிலும் தொடங்குவது நல்லது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதற்குச் சரியான இடம்.

போலிகள் இரண்டிலும் உண்டு. பழைய திகில் படங்களின் விளம்பரங்களைப் போலியாக அச்சிட்டு விற்ற மோசடி 2009இல் அமெரிக்காவில் அம்பலமானபோது அதில் லாபி அட்டைகளும் இருந்தன. அட்டை என்பதால் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். மூலத்தில் எழுத்து திடமான மையாக இருக்கும்; மறுஅச்சில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்திருக்கும். ஒளிர்வூட்டிகள் கலந்த பிற்காலத் தாள் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக மின்னும். 1940களின் பொருள் என்று சொல்லப்படுவது அப்படி மின்னினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தொலைக்காட்சித் தொடர்களைச் சேர்ப்பவருக்குப் போஸ்டரும் அட்டையும் அபூர்வம், ஏனென்றால் வீட்டுக்குள் வரும் நிகழ்ச்சிக்கு அரங்க வாசல் கிடையாது. விதிவிலக்கு, தொடரின் முதல் பகுதியை அரங்குகளில் ஓட்டியபோது அச்சானவை. 1979இல் 'பக் ரோஜர்ஸ் இன் த 25த் செஞ்சுரி' அப்படித்தான் திரைக்கு வந்தது.

மறுவிற்பனையைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியற்றவன். விற்றது மிகக் குறைவு. பெயர்பெற்ற படத்தின் நல்ல போஸ்டர் அட்டையைவிட வேகமாக விலை ஏறும் என்பது ஏல முடிவுகளைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் ஏலத்தில் அந்த விலை கிடைப்பது நிலை கெடாத தாளுக்கு. சென்னையில் வாங்குபவர் அரிது என்பதால் கடல் கடந்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். இரண்டு விறைத்த அட்டைகளுக்கு நடுவே லாபி அட்டையை வைத்து அனுப்புவது எளிது, மடித்த போஸ்டரும் அப்படியே போகும், லினன் ஒட்டியதற்குத்தான் குழாய் வேண்டும்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், விரும்பும் படத்தின் டைட்டில் கார்டு ஒன்றையும், அரக்கன் தெளிவாகத் தெரியும் காட்சி அட்டை ஒன்றையும் வாங்குங்கள். போஸ்டர் ஓவியத்தின் பெரும்பகுதி டைட்டில் கார்டிலேயே சுருங்கிய அளவில் கிடைத்துவிடும். போஸ்டரே வேண்டும் என்பவர், வெயிலும் ஈரமும் படாத உட்சுவர் ஒன்று வீட்டில் உண்டா என்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றை வாங்கி, அதைச் சரியாகச் சட்டமிடட்டும். 1980களின் பிற்பகுதிக்குப் பின் வந்த படங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது: அமெரிக்க அரங்குகளில் லாபி அட்டை அதற்குள் வழக்கொழிந்துவிட்டது, போஸ்டர்களும் மடிக்கப்படாமல் சுருட்டியே வந்தன.