பேப்பர் பெட்டியா, சோடி கார்டா?

வெள்ளவத்தையில வீட்டிலயே நாலைஞ்சு ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளையளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்குடுக்கிறன், பாஸ்ட் பேப்பர் மட்டும் செய்தா கொட்டாவிதான், அதால வகையீட்டுக்கு (ஒரு சார்பு மாறுற வீதத்தைக் காணுற கணக்கு) ரெண்டு விளையாட்டு செய்விச்சுப் பார்த்தன்.

ஒண்டு பெட்டி. 21க்கு 29.7 சென்ரிமீற்றர் ஏ4 தாள், கொஞ்சம் தடிச்சது நல்லம், நாலு மூலையிலயும் ஒரே அளவு சதுரம் வெட்டி மடிச்சு, ஆரின்ர பெட்டி கூட அரிசி பிடிக்குது எண்டு போட்டி. முதல்ல குத்துமதிப்பா வெட்டுவினம், பிறகு கனவளவை வகையிட்டு பூச்சியத்துக்குச் சமன்படுத்தினா வெட்டவேண்டியது 4.04 சென்ரிமீற்றர் மட்டில, கனவளவு கிட்டத்தட்ட 1128 கன சென்ரிமீற்றர். 12.86 எண்டு இன்னொரு விடையும் வரும், ரெண்டு பக்கமும் அவ்வளவு வெட்ட 21 காணாது, அதை ஏன் விடுறது எண்டு தாளைக் கையில வச்சிருக்கிறவருக்கு விளங்கப்படுத்தவே தேவையில்ல. ஆனா ஒரு கணக்குக்கு ஒரு மணித்தியாலம் போயிடும், சிந்தின அரிசியைக் கூட்டுறது நான்தான்.

கார்ட் எண்டா சார்பின்ர வரைபு ஒண்டில, பெறுதியின்ர (வகையிட்டா வாற சாய்வின்ர) வரைபு மற்றதில, சோடி சேர்க்கோணும். பத்து நிமிசம் காணும். x³ கார்ட்லதான் சண்டையே, பூச்சியத்தில சாய்வு பூச்சியம் ஆனா உயர்வுமில்ல இழிவுமில்ல எண்டு அவையளே கண்டுபிடிச்சிச்சினம்.

கிழமைக்கிழமை செய்யிறதெண்டா நான் கார்ட்தான், பெட்டி தவணைக்கு ஒருக்கா போதும்.