அகப்பையா, வேப்பங்கரண்டியா, தேக்கா?

திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி மண்சட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த கேள்வி அதில் எதைப் போட்டுக் கிண்டுவது என்பதுதான். எவர்சில்வர் கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டும். கொதிக்கிற குழம்புக்குள் கொஞ்ச நேரம் கிடந்தால் காம்பைத் தொட முடியாது. மரம் அவ்வளவு சுலபத்தில் சூட்டைக் கடத்தாது. சரி, மரம்தான். ஆனால் எது? எங்கள் வீட்டில் சிரட்டை அகப்பை, வேப்பமரக் கரண்டி, தேக்குக் கரண்டி மூன்றுமே தினமும் புழங்குகின்றன.

முதலில் அகப்பை. நன்றாக விளைந்த தேங்காயின் கண்ணில்லாத பாதியை எடுத்து, உள்ளும் புறமும் வழவழவென்று இழைத்து, இரண்டு துளை போட்டு, மூங்கில் காம்பைச் செருகினால் முடிந்தது. விலையும் மற்ற இரண்டையும் விடக் குறைவு. கோரி ஊற்ற இதை மிஞ்ச ஒன்றுமில்லை. தேங்காய்ப்பாலில் காய் போட்டு மறுவீட்டுச் சொதி வைக்கிறவர்களுக்கு இது தெரியும். கெட்டியான முதல் பாலை ஊற்றியபிறகு கொதிக்கவிடக் கூடாது, வெந்த காயும் உடையக் கூடாது. சிரட்டையின் உருண்ட வயிறு காயைக் குத்தாமல் அடியிலிருந்து மெதுவாகத் தூக்கிவிடும். கஞ்சிக்கும் ரசத்துக்கும் அப்படித்தான்.

குறை காம்பு சேரும் இடத்தில் இருக்கிறது. ஈரம் அங்கே தங்கும், நாள்பட்டால் ஆடும். ஆனால் காம்பை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஆச்சியின் அகப்பைக்கு மூன்று காம்பு மாற்றியாகிவிட்டது, சிரட்டை அதே சிரட்டைதான். அடிப்பிடிக்கிற பண்டத்துக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். உருண்ட விளிம்பு சட்டியின் அடியில் ஒட்டிப் படியாது.

அங்கேதான் வேப்பமரக் கரண்டி வேண்டும். உளுந்தங்களி கிண்டிப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கருப்பட்டிப் பாகும் மாவும் சேர்ந்து இறுகும்போது கை முழுபலத்தையும் கரண்டிமேல் போடும். வேம்பு தேக்கைவிடக் கனமான மரம், அந்த அழுத்தத்தைத் தாங்கும். தட்டையான நுனி சட்டியின் அடியை வழித்தெடுக்கும், கீறாது. புதுசில் லேசாகக் கசப்பு வாடை வரும். ராத்திரி முழுக்க அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, நல்லெண்ணெய் தடவி ஒருநாள் வைத்தால் வாடை அடங்கிவிடும்.

வாங்கும்போது மரத்தின் ரேகையைப் பாருங்கள். காம்பிலிருந்து நுனிவரை ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். கழுத்தில் குறுக்கே வெட்டிப் போனால் அங்கேதான் முறியும். ஆனித் தேரோட்டச் சமயத்தில் ஒரு கடையில் அவசரமாக வாங்கிய கரண்டி, முதல் களியிலேயே கழுத்தோடு போனது. பாதி இறுகின களியோடு அன்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதிலிருந்து ரேகை பார்க்காமல் எதையும் கையில் எடுப்பதில்லை.

தேக்கு பார்க்க அழகு. மரத்துக்குள்ளேயே எண்ணெய் இருப்பதால் தண்ணீருக்கும் கரையானுக்கும் தாக்குப்பிடிக்கும். என் குறை மரத்தின்மேல் இல்லை, பூச்சின்மேல். மினுமினுப்புக்காக வார்னிஷ் அடித்து விற்கிறார்கள். கொதிக்கிற புளிக்குழம்பில் அது நாளடைவில் உரியும், உரிந்தது வயிற்றுக்குத்தான் போகும். பூச்சில்லாத தேக்கு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இருந்தாலும் விலையை யோசித்தால், சோறு பரிமாற ஒன்று போதும்.

மத்து தனிக் கணக்கு. கீரைக் கடைசலை மிக்சியில் அடித்தால் கூழாகிவிடும், மத்தில் கடைந்தால்தான் நார் நாராய் நிற்கும். மத்தைச் செய்வது செதுக்குகிற வேலையில்லை, மரத்தைச் சுழலவிட்டுக் கடைகிற வேலை. சொப்புச் சாமானுக்குப் பேர்போன அம்பாசமுத்திரத்துக் கடைசல் கைகளுக்கு இது பழகின வேலை. சுழலும் மரத்தில் அரக்கை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே இளகிப் பூசிக்கொள்ளும், அதுதான் சொப்பின் நிறம். அடுப்படிக்கு நிறமில்லாத மத்தையே கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பில் மூன்றுக்கும் ஒரே விதி. கழுவினதும் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும், தண்ணீரில் ஊறவிடக் கூடாது. சுள்ளென்ற வெயிலில் நான் காயவைத்தபோதெல்லாம் ஆச்சி சத்தம் போடுவாள்: "ஏட்டி, வெயில்ல போடாத, வெடிச்சிரும்!" வெடிப்பு விழுந்த கரண்டியில் பழைய குழம்பு தங்கும் என்பதால், அதை அடுப்படியைவிட்டு எடுத்துவிடுவேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வேப்பமரக் கரண்டி. இரண்டு என்றால் கூடவே ஒரு அகப்பை. புதுக்குடித்தனம் போகிற பெண்களுக்கு நான் கொடுப்பதும் இந்த இரண்டைத்தான், கூட ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெயும் வைத்து.