யூபிஎஸ்ஸா, என்பிஎஸ்ஸா? விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எண்ணம் இருப்பவர்கள் கவனிக்க

மத்திய அரசு ஊழியர் சங்கங்கள் கேட்டது பழைய ஓய்வூதியத்தை. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொடுத்தது யூபிஎஸ் என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை. 2004-க்குப் பிறகு பணியில் சேர்ந்து என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் முன் வைக்கப்பட்ட தேர்வு இந்த இரண்டும்தான்.

சம்பளத்தில் பிடித்தம் இரண்டிலும் ஒன்றே: பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டிஏ (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில் 10%. என்பிஎஸ்ஸில் அரசு போடும் 14 சதவீதமும் உங்கள் கணக்குக்கே வரும். யூபிஎஸ்ஸில் அரசின் பங்கு 18.5% என்றாலும் உங்கள் கணக்கில் ஏறுவது 10% மட்டும், மீதி 8.5% பொதுத் தொகுப்புக்குப் போய்விடும்.

யூபிஎஸ்ஸின் பலம் உத்தரவாதம். 25 ஆண்டு பணி முடித்தால் கடைசி 12 மாத சராசரி பேசிக்கில் பாதி, அதன் மேல் அகவிலை நிவாரணம். சராசரி 80,000 ரூபாய் என்றால் 40,000. 20 ஆண்டுதான் பணி என்றால் 32,000. குறைந்தது 10 ஆண்டு இருந்தால் மாதம் 10,000 நிச்சயம். என்பிஎஸ்ஸில் எல்லாம் சந்தையைப் பொறுத்தது. ஒரு கோடி சேர்ந்து, 40 லட்சத்துக்கு ஆன்யூட்டி (மொத்தமாகப் பணம் கட்டி மாத வருமானம் பெறும் திட்டம்) வாங்கி, 6% கிடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் 20,000 வரும். விலைவாசி ஏறினாலும் அதில் டிஏ சேராது. ஆனால் மீதி 60 லட்சம் கையில் இருக்கும்.

சிக்கல் விஆர்எஸ்ஸில். 24 வயதில் சேர்ந்து 49-இல் விருப்ப ஓய்வு வாங்கினால், யூபிஎஸ் ஓய்வூதியம் 60 வயதில்தான் தொடங்கும். நடுவில் 11 ஆண்டு மாத வருமானம் கிடையாது. ராஜினாமா, பணிநீக்கம் என்றால் உத்தரவாதமே இல்லை.

யூபிஎஸ்ஸில் ஓய்வின்போது மொத்தமாகப் பணம் எடுப்பதிலும் கவனம் தேவை. உங்கள் கணக்கில் சேர்ந்ததில் 60% வரை எடுக்கலாம்; அதே விகிதத்தில் ஓய்வூதியம் குறையும். 40,000 என்பது 16,000 ஆகிவிடும். பழைய ஓய்வூதியத்தில் கம்யூட் செய்த (முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட) பகுதி 15 ஆண்டில் திரும்பி வரும். இங்கே அப்படி ஏற்பாடு இல்லை. பணிக்காலத்தில் பகுதித் தொகை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டாவிட்டாலும் வெட்டு உண்டு. (பிஎஃப் லோன் எடுத்துப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.)

யூபிஎஸ்ஸில் குடும்ப ஓய்வூதியம், வாங்கிவந்த ஓய்வூதியத்தில் 60%. அது, ஓய்வு பெற்ற நாளில் சட்டப்படி துணையாக இருந்தவருக்கு மட்டுமே. விதவை மகளுக்கோ மாற்றுத்திறனாளி பிள்ளைக்கோ பழைய திட்டத்தில் இருந்த பாதுகாப்பு இங்கே கிடையாது. என்பிஎஸ்ஸில், கொள்முதல் தொகையைத் திருப்பித் தரும் ஆன்யூட்டியை எடுத்தால் அந்தப் பணமாவது வாரிசுக்குப் போகும்.

ஆகவே 25 ஆண்டைத் தாண்டி 60 வரை வேலை பார்ப்பவருக்கு, துணையும் இருந்தால், யூபிஎஸ் நல்லது. முன்பே வெளியேறும் எண்ணமோ, சார்ந்திருக்கும் பிள்ளையோ இருந்தால் என்பிஎஸ்ஸே மேல்.

யூபிஎஸ் எடுத்தவர்கள் ஒரே ஒரு முறை என்பிஎஸ்ஸுக்குத் திரும்பலாம். ஓய்வுக்கு ஓராண்டு முன்பாக, விஆர்எஸ் என்றால் மூன்று மாதம் முன்பாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.