டிஎஃப்பி போகால் பைனல், பெர்லின் ஒலிம்பியா ஸ்டேடியம்: நேர்ல போய் பாக்கலாமா?

டிஎஃப்பி போகால்ங்கறது ஜெர்மனியோட நாக்-அவுட் ஃபுட்பால் கப். 2025 மே 24 நடந்த ஸ்டுட்கார்ட் - அர்மினியா பீலஃபெல்ட் பைனலை நேர்ல பாத்ததை வச்சு எழுதுறேன். தாராளமா போலாம், ஆனா சீட்டு எங்க வருதுன்னு பாத்து டிக்கெட் எடுங்க.

1936 ஒலிம்பிக்ஸுக்காக கட்டுன ஸ்டேடியம் இது, ஃபுட்பாலுக்குன்னு கட்டுனது கிடையாது. கிரவுண்டை சுத்தி நீல கலர்ல ஓட்டப்பந்தய டிராக் இருக்கு, அதனால கோலுக்கு பின்னாடி கீழ் வரிசைல உக்காந்தா எதிர்பக்க கோல் கிட்ட யார் யாருக்கு பாஸ் குடுக்குறாங்கன்னே புரியாது. மேல் அடுக்குல சைடு சீட்டு கிடைச்சா யோசிக்காம எடுத்துடுங்க, டீம் எப்படி நிக்குது, எங்க கேப் விழுதுன்னு எல்லாம் தெளிவா தெரியும்.

ஆனா இந்த குறை எல்லாத்தையும் மறக்க வைக்குறது அந்த கூட்டம்தான். 1985ல இருந்து ஒவ்வொரு வருஷமும் பைனல் பெர்லின்லதான், அதனால சின்ன கிளப் ஆளுங்க கூட முதல் ரவுண்டு ஜெயிச்சதுமே பெர்லின் போறோம்னு பாட ஆரம்பிச்சுடுவாங்க. பீலஃபெல்ட் அப்ப மூணாவது டிவிஷன் டீம், யூனியன் பெர்லின், ஃப்ரைபர்க், பிரேமன், செமில லெவர்குசன்னு நாலு புண்டெஸ்லிகா (முதல் டிவிஷன்) டீமை வரிசையா வெளிய அனுப்பிட்டு வந்தவங்க, மூணாவது டிவிஷன்ல இருந்து பைனல் வரைக்கும் வந்த நாலாவது டீமே இவங்கதான், அப்ப அந்த ஊர்க்காரங்க எப்படி கத்திருப்பாங்கன்னு பாத்துக்கோங்க!

ஆரம்பத்துல பீலஃபெல்டோட சாரென்ரென் பாஸி அடிச்சது கிராஸ்பார்ல பட்டுச்சு, அது மட்டும் உள்ள போயிருந்தா கதையே வேற. அப்புறம் ஸ்டுட்கார்ட்டுக்கு 15வது நிமிஷம் வோல்டெமாடே, 22ல மில்லோ, 28ல உண்டாவ், அரைமணி நேரத்துக்குள்ள 3-0. 66ல மில்லோ இன்னொன்னு போட்டு 4-0 ஆயிடுச்சு. அதுக்கப்புறமும் பீலஃபெல்ட் பக்கம் பாட்டு நிக்கல. 82ல கானியா ஒரு கோல், மூணே நிமிஷத்துல ஸ்டுட்கார்ட்டோட வாக்னோமன் சேம்சைடு கோல், 4-2 ஆனதும் எழுந்த சத்தம் இருக்கே, அதை டிவில கேக்கவே முடியாது, குடுத்த காசுக்கு அது ஒண்ணே போதும்னு மனசார சொல்றேன். ஸ்டுட்கார்ட்டுக்கும் 1997க்கு அப்புறம் கிடைச்ச முதல் போகால், அப்பவும் இதே ஸ்டேடியம்தான், அப்பவும் எதிர்ல நின்னது கோட்புஸ்னு ஒரு மூணாவது டிவிஷன் டீம்தான், எல்பர் ரெண்டு கோல் போட்டு 2-0.

போறவங்களுக்கு சில விஷயம். பெரிய பேக் எடுத்துட்டு போகாதீங்க, கேட்லயே நிறுத்திடுவாங்க. சாப்பாட்டு கியூ ஹாஃப் டைம்ல ரொம்ப நீளம், முன்னாடியே சாப்டுட்டு உள்ள போறது நல்லது. கப் குடுக்குற வரைக்கும் இருந்து பாருங்க, தோத்த டீம் ரசிகர்கள் அவங்க பிளேயர்ஸுக்கு கை தட்டுறதையும் சேத்து. முடிஞ்சதும் பக்கத்து ஸ்டேஷன்ல நெரிசல் தாங்காது, தியோடர் ஹொய்ஸ் பிளாட்ஸ் வரைக்கும் நடந்து போய் யு2 மெட்ரோ ஏறிக்கோங்க.