கமலா கான் பத்துத் தொகுதிகள்: ஆறாவதை என்ன செய்வது?

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்த சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால் கமலா கான் என்ற பெண் நாயகியாக வரும் ‘மிஸ் மார்வெல்’ என்று உடனே சொல்லிவிடலாம். எதை முதலில் வாங்குவது, எதுவரை வாங்குவது என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அரை மணி நேரம் ஆகிறது. பிள்ளைகளுக்கான ஒரு கதையை வாங்க இவ்வளவு வழிகாட்டல் தேவைப்படவே கூடாது.

முதலில் வாங்கும் இடத்தில் இருக்கும் குழி. ‘மிஸ் மார்வெல், தொகுதி 1’ என்று தேடினால் மூன்று வேறு நூல்கள் கிடைக்கும். 2006இல் தொடங்கிய வரிசையில் நாயகி, கமலாவுக்கு முன் அந்தப் பெயரை வைத்திருந்த கேரல் டான்வர்ஸ். அது பெரியவர்களுக்கான தொடர், பிள்ளைக்கு வேண்டாம். 2019இல் சலாதின் அகமது எழுதத் தொடங்கியது கமலாவின் கதைதான் என்றாலும், ஏற்கெனவே நடந்தவற்றுக்குப் பிறகு வருவது. நமக்கு வேண்டியது ஜி. வில்லோ வில்சன் எழுதி 2014இல் வந்த ‘நோ நார்மல்’. அட்டையில் அந்தத் துணைத்தலைப்பும் வில்சன் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

அந்த முதல் தொகுதி 2015இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவு நூல்களுக்கான ஹ்யூகோ விருது பெற்றது. கதை தெரிந்ததுதான்: நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் பாகிஸ்தானிய அமெரிக்கக் குடும்பத்துப் பெண், வயது பதினாறு, அவெஞ்சர்ஸ் பற்றிக் கதை எழுதி இணையத்தில் போடுகிறவள், ஒரு மூடுபனிக்குள் சிக்கி உடலை நீட்டவும் பெருக்கவும் முடிகிறவளாக எழுகிறாள். சக்தி வந்ததும் அவள் முதலில் தன்னை அறியாமலேயே பொன்னிற முடி கொண்ட கேரலாக மாறிப்போகிறாள். தனக்குப் பிடித்த உருவம் தன் உருவமில்லை என்று அவள் உணர்கிற அந்தப் பக்கங்கள் பதின்ம வயதுக்காரர்களுக்கு அப்படியே பிடிபடும். வீட்டுக்குப் பயந்து சன்னல் வழியாக இறங்குவது, அண்ணனின் அறிவுரை, அப்பாவின் கோபத்துக்கு அடியில் இருக்கும் கவலை எல்லாம் நம் வீடுகளுக்கு அந்நியமானவை அல்ல. இரண்டாம் தொகுதியில் அவள் பள்ளிவாசல் ஷேக்கிடம் திட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்துப் போகிறாள். அவரோ, உதவி செய்தே தீருவேன் என்றால் நேர்மையோடும் தைரியத்தோடும் செய், நல்ல ஆசிரியரைத் தேடிக்கொள் என்கிறார். மதப் பெரியவரை வில்லனாகவோ கேலிப்பொருளாகவோ ஆக்காமல் இப்படி எழுத வில்சனால் முடிந்திருக்கிறது.

எதிர்பாராத சந்தோஷம் ஏட்ரியன் அல்ஃபோனாவின் பின்னணி ஓவியம். முதல் வாசிப்பில் கதை இழுத்துக்கொண்டு போய்விடும். மறுபடி எடுக்கும்போதுதான் சாப்பாட்டு மேசையில் இருக்கும் தானிய டப்பாவின் பெயர் ‘ஜிஎம்-ஓஸ்’ (மரபணு மாற்றுப் பயிர்களைக் குறிக்கும் ஜிஎம்ஓ மீதான கேலி) என்பது கண்ணில் படுகிறது. கடைப் பலகைகளிலும் சுவரொட்டிகளிலும் கூட்டத்தில் நிற்பவர்களின் சட்டைகளிலும் குறும்புகள் ஒளிந்திருக்கின்றன. பிள்ளைகள் இதைத் தேடித்தேடி ஒரே தொகுதியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். இதனால்தான் சிறிய அளவு மறுபதிப்பை நான் பரிந்துரைப்பதில்லை. விலை குறைவு, பைக்குள் அடங்கும், இரண்டு தொகுதிக் கதை ஒரே நூலில் வந்துவிடும், எல்லாம் சரி. ஆனால் பக்கம் சுருங்கும்போது அந்தப் பொடி எழுத்துகள்தான் முதலில் பலியாகின்றன. தவிர, சிறிய பதிப்புகளுக்கு வேறு பெயர்கள், வேறு பிரிப்பு. பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரே கதையை இரண்டு முறை வாங்குவீர்கள்.

இனி எரிச்சல். இந்தக் கதை ஜெர்சி சிட்டியின் நாலு தெருவுக்குள் இருக்கும்போது ஒரு குறையும் இல்லை. பல நாயகர்களை ஒரே கதைக்குள் இழுக்கும், பெரியவர்களுக்கான மாபெரும் நிகழ்வுத் தொடர்கள் ஒவ்வொரு முறையும் வந்து அதன் கையைப் பிடித்து முறுக்குகின்றன. முதல் தொகுதியின் மூடுபனியே இன்னொரு தொடரிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே விளக்கம் இல்லாமலே கதை ஓடுகிறது, பிள்ளைகளும் கேட்பதில்லை. தனித்தனி இதழ்களாக வந்தவற்றைச் சேர்த்துக் கட்டியவைதான் இந்தத் தொகுதிகள். மூன்றாம் தொகுதியில் ‘ஷீல்டு’ என்ற வேறு தொடரின் இதழ் ஒன்று ஒட்டு. நான்காவதில் கமலாவின் இதழ்கள் 16 முதல் 19 வரை நான்குதான். மீதி இடத்தை அமேசிங் ஸ்பைடர்மேன் 7, 8 நிரப்புகின்றன. நான்காவதின் முடிவில் உலகம் அழிகிறது. ஐந்தாவதைத் திறந்தால் எட்டு மாதம் கடந்துவிட்டது, உலகம் நலமாக இருக்கிறது, கமலா அவெஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்துவிட்டாள். நடுவில் நடந்தது 2015இன் ‘சீக்ரெட் வார்ஸ்’ என்ற தனித் தொடரில் இருக்கிறது. நடுவில் ஒரு புத்தகம் விட்டுப்போச்சா என்று பிள்ளை கேட்டால் நியாயம்தான். விட்டுப்போகவில்லை. நூல் முதுகில் 4க்கு அடுத்து 5தான். உள்ளே இதழ் எண் மட்டும் மறுபடி 1இலிருந்து தொடங்கும். முதல் வரிசையில் 19, இரண்டாவதில் 38, ஆக 57 இதழ்கள் பத்துத் தொகுதிகளுக்குள் இருக்கின்றன.

ஆறாவதுதான் உச்சம். பெயரே ‘சிவில் வார் 2’. இரண்டாம் வரிசையின் 7 முதல் 12 வரையான இதழ்கள். இதைக் கொடுக்கும் முன் பிள்ளையிடம் மூன்று விஷயங்களை வாயால் சொல்லிவிடுங்கள். ஒன்று, வருங்காலத்தைக் காணக்கூடிய யுலிஸிஸ் என்ற இளைஞன் வந்திருக்கிறான். இரண்டு, அவன் காண்பதை நம்பி, குற்றம் நடக்கும் முன்பே ஆட்களைப் பிடித்து அடைக்கிறாள் கேரல். மூன்று, கேரலின் காதலர் ரோட்ஸ், அதாவது வார் மெஷின், கொல்லப்பட்டுவிட்டார். டோனி ஸ்டார்க், அதாவது அயர்ன் மேன், கேரலை எதிர்க்கிறார். இந்த மூன்றும் தெரியாவிட்டால், கமலா கண்மூடித்தனமாக நம்பிய கேரல் ஏன் இப்படி ஆனாள் என்பது புரியவே புரியாது. நூலுக்குள் இதற்கான இடம் போதவில்லை. ஒரு நல்ல எழுத்தாளரின் கையில் வேறு யாரோ போட்ட கதைத்திட்டத்தைத் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, ஆறாவதைத் தாண்டி ஏழுக்குப் போய்விடலாமே? முடியாது. கமலாவின் உயிர்த்தோழன் புரூனோ இதில்தான் படுகாயம் அடைகிறான். அவர்கள் நட்பு முறிவதும் அவன் வகாண்டாவுக்கு (மார்வெல் கதைகளில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாடு) படிக்கப் போவதும் அதன் விளைவு. அதோடு, இந்த வரிசையிலேயே நம் மண்ணுக்கு மிக அருகில் வரும் பக்கங்களும் இந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. 8ஆம் இதழ் 1947 பம்பாயில் தொடங்குகிறது: பிரிவினையின்போது கமலாவின் முன்னோர் கரீமும் ஆயிஷாவும் கராச்சிக்குக் கிளம்புகிறார்கள். 12ஆம் இதழில் மனம் உடைந்த கமலா அதே கராச்சிக்குப் போகிறாள், அங்கும் தான் வெளியாள்தான் என்று உணர்கிறாள். மோசமான தொகுதிக்குள் மிகச்சிறந்த பக்கங்களை வைத்திருக்கிறார்கள். கோபம் அதனால்தான் ஆறமாட்டேன் என்கிறது.

பிறகு வருபவை சுருக்கமாக. ஏழாவதில் வாக்களிப்பைப் பற்றிய தனி இதழ் ஒன்று, அடுத்து இணையத்தில் அந்தரங்கத்தை வைத்து மிரட்டும் வில்லன். கையில் போன் இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. கமலாவின் பள்ளித்தோழி சோயி தன் தோழிக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருக்கும் காதல் கடிதங்கள் அதில் வருகின்றன, பேசத் தயாராக இருங்கள். எட்டாவது ‘மெக்கா’ மறுபடி ஜெர்சி சிட்டிக்குள், மறுபடி கூர்மை. ஒன்பதும் பத்தும் நிதானமாக முடித்து வைக்கின்றன.

இந்தத் தொகுதிகள் எல்லாம் பேப்பர்பேக், பசை பைண்டிங். இந்த வகை நூல் எதுவானாலும் வாங்கியதும் நடுவில் பிளந்து திறக்காதீர்கள். மேசையில் முதுகை வைத்து, முன்னாலிருந்து பத்துப் பக்கம், பின்னாலிருந்து பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றி மெதுவாக அழுத்தி நடுவுக்கு வர வேண்டும். வழவழப்புத் தாளில் பசை ஆழமாக ஊறாது. அதனால் ஒரு தாள் கழன்றால் அடுத்ததும் தொடரும். கழன்ற தாளின் உள்விளிம்பில் 2 மி.மீ. அகலத்துக்கு மட்டும் காய்ந்தபின் வளையக்கூடிய பைண்டிங் பசையைத் தடவிச் செருகி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, ஒரு இரவு பாரம் ஏற்றுங்கள். மெழுகுத்தாள் இல்லாவிட்டால் கசியும் பசை பக்கத்துத் தாளைப் பிடித்து மையோடு உரித்துவிடும். செலோ டேப் வேண்டவே வேண்டாம்.

யாராவது இப்போது பிறந்தநாள் பரிசுக்குக் கேட்டால் நான் கமலாவைச் சொல்ல மாட்டேன். ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்’ என்பேன் (க்ளான் என்பது வெள்ளை இனவெறிக் கும்பல்). ஜீன் லுயன் யாங் எழுத்து, குரிஹிரு ஓவியம், 2020இல் ஒரே நூலாக வந்தது, 2021இல் சிறுவர் நூலுக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருதும் வாங்கியது. 1946இல் சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபொலிஸின் புதிய பகுதிக்குக் குடிவரும் சீன அமெரிக்கக் குடும்பத்தின் பிள்ளைகள் ராபர்ட்டாவும் டாமியும். இன்னும் பறக்கத் துணியாத, ஓடியும் தாவியும் திரியும் சூப்பர்மேன். இனவெறிப் பேச்சும் எரியும் சிலுவையும் வருவதால் பத்து வயதுக்குக் கீழே என்றால் கூட உட்கார்ந்து படியுங்கள். கமலாவின் அளவுக்கு அது மனதில் ஒட்டிக்கொள்ளாது. அவள் வீட்டுச் சிரிப்பு அதில் இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் தொடங்கியது கடைசிப் பக்கத்தில் முடிகிறது, வேறு எந்தத் தொடரையும் தேடி ஓட வேண்டியதில்லை. கமலாவின் முதல் இரண்டு தொகுதிகளை அதற்குப் பிறகு வாங்கிக் கொடுங்கள். ஆறாவதை, பிள்ளையே வந்து கேட்டால் மட்டும்.